பெட்டி பிரிக்காத புதுசா, தொண்ணூறுகளின் பழசா: மலேசிய வீட்டுக்கு ஒரு பின்பால் மெஷின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒரே ஒரு பின்பால் மெஷின்தான் (மட்டைகளால் எஃகு உருண்டையைத் தட்டி ஆடுவது) வைக்கப்போகிறீர்கள், சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லை என்றால், ஐந்தாறு வருடம் ஓடிய, ஸ்டெர்ன் நிறுவனத்தின் அடிப்படை வகையான புரோ மாடலை முதல் கைக்காரரிடமிருந்து வாங்குங்கள். மல்ட்டிமீட்டர் பார்க்கத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்காது என்பவருக்கு 1990-களில் வில்லியம்ஸ் அல்லது பேலி பெயரில் வந்த மெஷின். பெட்டி பிரிக்காத புதுசு, அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தின் மேல் தீராத ஆசை உள்ளவருக்கு மட்டும்.

அமெரிக்காவில் இதே கேள்விக்குக் கிடைக்கும் பதில் நமக்கு ஒத்துவராது. அங்கே மின்சாரம் 115 வோல்ட், மெஷின் நிற்பது பெரும்பாலும் உலர்ந்த நிலவறையில், ஒரு ஸ்பிரிங் உடைந்தால் இரண்டு மூன்று நாளில் தபாலில் வந்துவிடும். இங்கே பினாங்கில் உப்புக் காற்று, கோலாலம்பூரில் இடி, இரண்டு ஊரிலும் வருடம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம். பத்து வெள்ளிச் சாமானுக்கு அதைப்போல் பல மடங்கு தபால் செலவு. அதனால் எது நன்றாக ஆடும் என்று பார்ப்பதற்கு முன், கெட்டால் யார் திறப்பது, சாமான் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பழசு என்றால் எந்தப் பழசு

1970-களின் நடுப்பகுதி வரை வந்தவை ரிலே, மோட்டார், மணி வைத்து ஓடுபவை. எலக்ட்ரானிக் போர்டே கிடையாது. பார்க்க அழகு, கேட்க அதைவிட அழகு. ஆனால் நூற்றுக்கணக்கான காண்டாக்ட்டுகள் நம் ஈரத்தில் கறுத்துப்போகும். ஒவ்வொன்றையும் தேய்த்து இடைவெளி சரிசெய்யும் பொறுமை வேண்டும். பல மெஷின்களின் டிரான்ஸ்ஃபார்மரில் 115 வோல்ட் மட்டுமே இருப்பதால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டியும் தேவை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஸ்கோர் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். முதல் மெஷினாக இது வேண்டாம்.

1970-களின் கடைசியிலும் 80-களிலும் வந்த பேலி, காட்லீப் மெஷின்களில் நிக்கல்-காட்மியம் பேட்டரியை நேராக போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து தின்ற போர்டுகள்தான் சந்தைக்கு அதிகம் வருகின்றன. இப்போது மாற்று போர்டுகள் புதிதாகவே கிடைக்கின்றன என்பதால் ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. விலையில் அந்தப் போர்டுக்கான பணத்தைக் கழித்துப் பேசுங்கள்.

உண்மையில் போட்டிக்கு நிற்பது 1990 முதல் 1999 வரை வில்லியம்ஸ், பேலி பெயர்களில் வந்த, டபிள்யூ.பி.சி என்ற மின்னணு அமைப்பில் ஓடும் குடும்பம். 1999 அக்டோபரில் அந்த நிறுவனம் பின்பால் பிரிவையே மூடிவிட்டது. 2013-ல் ஜெர்சி ஜாக் தன் முதல் மெஷினை அனுப்பும் வரை பெரிய அளவில் தயாரித்துக்கொண்டிருந்தது ஸ்டெர்ன் ஒன்றுதான். அந்த இடைக்கால ஸ்டெர்ன் மெஷின்களை நம் ஊரில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கையால் பற்றவைக்கக்கூடிய போர்டு, எளிய அமைப்பு, தொண்ணூறுகளைவிடக் குறைந்த தேய்மானம். நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

2015-ல் ஸ்டெர்ன் ஸ்பைக் என்ற புது அமைப்புக்கு மாறியது. இன்று 'புதுசு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

போர்டில்தான் வித்தியாசம்

ஆட்டம், வெளிச்சம், திரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். மெஷினைப் போட்டவுடன் ஒரு காயில் (மட்டை போன்றவற்றை அசைக்கும் மின்காந்தச் சுருள்) விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, சில நொடியில் கருகல் வாடை, ஃபியூஸ் போய்விடுகிறது. எலக்ட்ரானிக் போர்டு உள்ள எந்தக் காலத்து மெஷினிலும் வரக்கூடியது இது. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது.

டபிள்யூ.பி.சி மெஷினில் அந்தக் காயிலை இயக்குவது பெரும்பாலும் டிப்-102 என்ற டிரான்சிஸ்டர். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியில் உள்ள பெரிய டிரைவர் போர்டில் வரிசையாக நிற்கும். எந்தக் காயிலுக்கு எது என்று மேனுவலில் அட்டவணை இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்ட்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, கறுப்பு முனையை டிரான்சிஸ்டரின் உலோகத் தகட்டிலும் சிவப்பு முனையை வெளிக் கால்கள் இரண்டிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். 0.4 முதல் 0.6 வரை காட்டினால் நலம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அதுதான் குற்றவாளி. கோலாலம்பூரில் ஜாலான் பசார் பக்கம் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், பல நேரம் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். கருகிய காயிலையும் அளந்து பாருங்கள். 2 ஓமுக்குக் கீழே வந்தால் அந்தக் காயில் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை அப்படியே விட்டால் புது டிரான்சிஸ்டரையும் கொன்றுவிடும்.

ஸ்பைக் மெஷினில் இதே வேலை, பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டின் அடியிலேயே பொருத்தியிருக்கும் 'நோட் போர்டு' என்ற சின்ன போர்டில் நடக்கிறது. காயில்களுக்கு 48 வோல்ட், போர்டுகளுக்கு இடையே ஒரே மாதிரியான நெட்வொர்க் கேபிள். வயரிங் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழுது எந்த நோடில் என்று மெஷினே திரையில் சொல்லிவிடும். கண்டுபிடிப்பது எளிது, அதை மறுக்கவே முடியாது. ஆனால் அந்தப் போர்டில் இருப்பதெல்லாம் மேற்பரப்பில் ஒட்டிய கடுகு மாதிரிச் சாமான்கள். வீட்டுச் சால்டரிங் அயர்னால் ஆகாது. போர்டையே மாற்ற வேண்டும், அல்லது அனுப்பிவைத்துக் காத்திருக்க வேண்டும். உத்தரவாதம் இருக்கும்வரை தலைவலி இல்லை. அது முடிந்த பிறகு ஒரு நோட் போர்டின் விலையும் தபாலும் வரியும் சேர்ந்து பெரிய தொகையாகிவிடும்.

பினாங்கு வாசகர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-லிருந்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளால் நிறைந்த இடம். ஹாட் ஏர் வைத்து இந்தக் கடுகுச் சாமானைக் கழற்றி மாட்டத் தெரிந்த அண்ணன் ஒருவர் எப்படியும் பக்கத்துத் தாமானில் இருப்பார். அப்படி ஒருவர் பழக்கத்தில் இருந்தால் புது மெஷினைப் பற்றிய எங்கள் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

பழையதற்கு வேறொரு பலம் இருக்கிறது. 1992-ல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி என்ற மெஷின் 20,270 விற்றது. இத்தனை மெஷின்கள் உலகெங்கும் இருப்பதால் அதன் பிளாஸ்டிக்குகள், ராம்ப் (பந்து ஏறி ஓடும் சரிவு), போர்டு எல்லாவற்றையும் யாராவது மறுபடி தயாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பழசு வாங்குபவர் ஆட்டத்தைப் பார்க்கும் அதே கண்ணால் எத்தனை மெஷின் விற்றது என்பதையும் பார்க்க வேண்டும். அதிகம் விற்காத மெஷின் மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரு ராம்ப் உடைந்தால் தேடித் தேடி ஓய வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவில் மறுதயாரிப்புகளும் உண்டு. 1997-ல் வந்த மெடீவல் மேட்னஸை 2015 முதல் சிகாகோ கேமிங் புது போர்டுகளோடு திரும்பத் தயாரிக்கிறது. பழைய ஆட்டம், புது மின்னணு. தொண்ணூறுகளின் ஆட்டம் வேண்டும், கசிந்த பேட்டரி வேண்டாம் என்பவர் இதைப் பார்க்கலாம், பணம் இருந்தால்.

240 வோல்ட்டில் சொருகும் முன்

நம் நாட்டு மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட், மேலே 10, கீழே 6 விழுக்காடு வரை ஏறி இறங்கலாம் என்பது விதி. அதாவது 216-லிருந்து 253 வரை எதுவும் வரலாம். அமெரிக்காவிலிருந்து வந்த டபிள்யூ.பி.சி மெஷினை இதற்கு மாற்ற ஸ்டெப்-டவுன் பெட்டி தேவையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரிலேயே எல்லா வோல்ட்டுக்கும் டேப் (தனித்தனி இணைப்பு முனை) இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் கனெக்டரில் உள்ள ஜம்பர் கம்பிகளை மேனுவல் படத்தின்படி மாற்றினால் போதும்.

ஆனால் பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் வெடிக்கிறது. மெயின் சுவிட்ச் பெட்டிக்குள் மின்னழுத்த உயர்வைத் தடுக்க ஒரு வேரிஸ்டர் இருக்கும், வட்டமான தட்டை வில்லை மாதிரி. அமெரிக்க மெஷினில் அது 130 வோல்ட்டுக்கானது. 240-ல் போட்ட கணமே டப்பென்று வெடித்து ஃபியூஸைக் கொண்டுபோகும். அதை எடுத்துவிட்டு 275 வோல்ட் வேரிஸ்டர் போட வேண்டும். லைன் ஃபியூஸும் மாற வேண்டும். 230-க்கு என்ன ஆம்பியர் என்று மேனுவலில் தனியாக அச்சிட்டிருப்பார்கள். அடுத்தது, காசு போடும் கதவுக்கு உள்ளே டெக்னீஷியனுக்காக வைத்த அமெரிக்க சாக்கெட். அது நேராக லைனில் இருப்பதால் இனி அதில் வருவதும் 240 தான். பார்ப்பதற்கு 110 சாக்கெட் மாதிரியே இருக்கும். அதன் கம்பியைக் கழற்றி இன்சுலேட் செய்துவிடுங்கள்.

அமெரிக்கக் கேபிளில் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். நம் மூன்று முனை பிளக்கில் அவை முறையே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் கம்பிகளுக்கான இடத்துக்குப் போக வேண்டும். சிரிம் தர முத்திரை உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள். பழைய மெஷினைப் போட்டதும் வீட்டில் ஈ.எல்.சி.பி (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனால், எர்த் கம்பியை வெட்டிவிடலாம் என்று ஆலோசனை சொல்ல யாராவது வருவார்கள். காது கொடுக்காதீர்கள். ஈரமேறிய லைன் ஃபில்டரில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம், ஃபில்டரை மாற்றுங்கள்.

புது மெஷினில் சுவிட்ச்-மோடு பவர் சப்ளை இருப்பதால் இந்த வேலைகள் குறைவு. அதற்காக அப்படியே சொருகிவிடாதீர்கள். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது, தேர்வு சுவிட்ச் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

பழையதில் மின்சாரம் தொடர்பாக வரும் இன்னொரு புகார்: பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் மட்டைகள் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மெஷின் செத்து மறுபடி உயிர்பெறுகிறது. போர்டுக்கான 5 வோல்ட் ஒரு கணம் சரிகிறது, காவல் சர்க்யூட் உடனே ரீசெட் செய்துவிடுகிறது. டிரைவர் போர்டின் சோதனை முனையில் அளந்தால் 4.9-க்கு மேல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் சால்டர் விரிசல், அல்லது 15,000 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டர் வயதாகிப் போனது. ஆனால் இவற்றில் கை வைக்கும் முன் சுவர் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று அளந்துவிடுங்கள். தாமான் முழுக்க ஏர்கோன் ஓடும் இரவு நேரத்தில் மட்டும் ரீசெட் ஆகிறது என்றால், டிரான்ஸ்ஃபார்மர் 240 டேப்பில் இருக்க, உங்கள் வீட்டுக்கு 220 தான் வருகிறது என்றிருக்கலாம். ஒரு டேப் கீழே மாற்றினால் முடிந்த வேலை.

சுபாங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி. சர்ஜ் புரொடெக்டர் இருக்கட்டும். அதை நம்பி இருக்க வேண்டாம். ஆடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். புது மெஷின்களை இணையத்தோடு இணைக்க வைஃபையே போதும். நீளமான நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

பழசைப் பார்க்கப் போகும்போது

டார்ச், மல்ட்டிமீட்டர், ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். விற்பவரிடம் முன்கூட்டியே மெஷினைப் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் போடும்போதுதான் பழுதுகள் வெளியே வரும்.

முதலில் தலைப்பெட்டியைத் திறந்து சிபியு போர்டில் உள்ள மூன்று டபுள்-ஏ பேட்டரிகள். பிடிப்பானின் முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பேட்டரியை நகர்த்திச் சுற்றியிருக்கும் செப்புத் தடங்களைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறமாக மாறியிருந்தால் கசிவு உள்ளே போய்விட்டது. கனெக்டரைக் கழற்றி ஊசிகளையும் பாருங்கள்; பளபளப்பு போயிருந்தால் சால்டர் புதிதாக ஒட்டாது. லேசான கசிவாக இருந்தால் பாதி வினிகர் பாதி தண்ணீரில் பிரஷ் தோய்த்துக் கழுவி, சுத்தத் தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் விட்டுக் காயவைத்துக் காப்பாற்றலாம். வாங்கியபின் செய்ய வேண்டியது: அந்தப் பேட்டரியை நம்பியிருக்கும் ராம் (நினைவக) சிப்பை எடுத்துவிட்டு பேட்டரி தேவைப்படாத என்.வி.ராம் போடுவது. சாக்கெட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நேராகப் பற்றவைத்திருந்தால் 28 காலையும் கழற்ற வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மெஷினைப் போட்டதும் திரையைக் கவனியுங்கள். 'ஃபேக்டரி செட்டிங்ஸ் ரெஸ்டோர்டு' என்று வந்தால் பேட்டரி செத்திருக்கிறது. அதனால் உள்ளே பதிவாகியிருக்கும் மொத்த ஆட்டக் கணக்கையும் நம்ப முடியாது. "வீட்டில் மட்டும் ஓடியது, ஆயிரம் ஆட்டம்தான்" என்பதற்கு அது சாட்சி ஆகாது. கிரெடிட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், ஏதோ ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று மெஷின் முறையிடுகிறது. சோதனை மெனுவில் சுவிட்ச், காயில், விளக்கு மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். காசுக் கதவு திறந்திருக்கும்போது காயில்கள் வேலை செய்யாதது பழுது இல்லை. பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்தச் சுவிட்சின் வெள்ளைப் பொத்தானை வெளியே இழுத்தால் ஓடும்.

விளக்குகளுக்கான கனெக்டர்கள் பழுப்பேறி இருப்பது டபிள்யூ.பி.சி குடும்பத்துக்கே உள்ள வியாதி. ஊசி, கூடு இரண்டையும் சேர்த்து மாற்றி, பல்புகளை எல்.இ.டி ஆக்கினால் மறுபடி கருகாது. பழைய 44-ஆம் எண் பல்பு ஒன்று கால் ஆம்பியர் இழுக்கும், எல்.இ.டி அதில் ஒரு சொட்டு.

பிறகு நம் ஊருக்கே உரிய மூன்று. ஒன்று வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. பெட்டியின் அடிப்பலகையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அடிப்பலகை உப்பியிருக்கிறதா, உள்பக்கம் நேர்கோடாகக் கறை இருக்கிறதா, நான்கு காலிலும் ஒரே உயரம் வரை துரு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கரையான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மூலைகளைத் தட்டினால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பல்லி. தலைப்பெட்டியின் காற்றோட்டத் துளை வழியாகப் போய் வெப்பத்துக்காக டிரைவர் போர்டின் மேல் படுத்துவிடும். ஒரு பல்லி கருகினால் ஒரு வரிசை டிரான்சிஸ்டர் கருகும். எச்சமும் முட்டை ஓடும் தெரிந்தால் போர்டை நன்றாகச் சோதியுங்கள். வாங்கியபின் துளைகளுக்கு உள்பக்கமாக நுண்வலை ஒட்டிவிடுங்கள். இது புது மெஷினுக்கும் பொருந்தும்.

பிளேஃபீல்டில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை. விளக்குக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் வில்லைகளை விரலால் தடவுங்கள். விளிம்பு குழிந்திருந்தால் பந்து அங்கே திசைமாறும்.

ஃபிளிப்பர் தளர்ந்திருப்பதைச் சாக்காக வைத்து விலையைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் அதற்குப் பயந்து ஒரு நல்ல மெஷினை விடாதீர்கள். ரீபில்டு கிட் இரண்டு, ஒரு மாலைப் பொழுது, அவ்வளவுதான். பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தி, காயில் ஸ்டாப்பைக் கழற்றி, காயிலை உருவுங்கள். உள்ளே போய்வரும் இரும்புத் தண்டின் முனை காளான் மாதிரி விரிந்திருக்கும். அது காயிலின் உள்குழாயை உரசித்தான் ஃபிளிப்பர் சோம்பலாகிறது. தண்டு, லிங்க், குழாய், ஸ்டாப், ஸ்பிரிங், புஷ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முறுக்கி மூடும் முன், ஃபிளிப்பர் மட்டையை மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ்ஷை அழுத்தி இறுகும், அதிகமானால் மட்டை பிளேஃபீல்டைச் சுரண்டும். மட்டை நிற்க வேண்டிய கோணத்துக்கு வில்லியம்ஸ் பிளேஃபீல்டில் சின்னத் துளை இருக்கிறது. அதில் ஒரு பல் குச்சியைச் செருகி, மட்டையை அதில் சாய்த்துவிட்டு முறுக்குங்கள். எங்கும் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகி, ஒரு மாதத்தில் முன்னிலும் மோசமாகிவிடும்.

புதுசிலும் புண் உண்டு

2024 வாக்கில் ஸ்டெர்ன் புரோவின் அமெரிக்க விலை 7,000 டாலர், பிரீமியம் 9,700, குறைந்த எண்ணிக்கையில் வரும் எல்.இ 13,000. டாலருக்கு நாலு வெள்ளி என்று வைத்தாலும் புரோவுக்கே 28,000 வெள்ளி. கப்பல், காப்புறுதி, வரி, லோரி எல்லாம் அதன் மேல். புரோ, பிரீமியம் இரண்டிலும் ஆட்டத்தின் விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிரீமியத்தில் அசையும் பொம்மைகள் அதிகம், அதாவது கெடக்கூடியவை அதிகம். இந்தத் தூரத்தில் இருந்துகொண்டு புரோவே போதும் என்பது எங்கள் கட்சி.

தானாக இறக்குமதி செய்பவர்கள் சுங்க வகைப்பாட்டில் 9504 என்ற தலைப்பைப் பார்க்க வேண்டும். காசு போட்டு ஆடும் மெஷின் என்பதால் அனுமதிக் கேள்விகள் வரலாம். என்னென்ன பத்திரம் தேவை என்று ஃபார்வர்டிங் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டபிறகே கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள். கிள்ளான் துறைமுகத்தில் பெட்டி தேங்கினால் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

புது பிளேஃபீல்டில் முதல் சில நூறு ஆட்டத்திலேயே பந்து விழுந்த குழிகள் தெரியும். 80 கிராம் எஃகு உருண்டை மரத்தில் விழுந்தால் குழியாகத்தான் செய்யும். போகப் போகக் குழிகள் சேர்ந்து பரவி மட்டமாகத் தெரியும், அதற்குக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது தூண்களைச் சுற்றி மேல்பூச்சு சுருங்குவதும் செதில் செதிலாகப் பெயர்வதும். சில வருடத் தயாரிப்புகளில் இது பரவலாக இருந்தது. பந்து முதலில் ஓடுவதற்கு முன்பே ஒவ்வொரு தூணின் அடியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் கேட்கும்போது தேதியுள்ள படம்தான் பேசும்.

பெட்டி பிரித்ததும் பிளேஃபீல்டைத் தூக்கி அடிப்பெட்டியில் கழன்று கிடக்கும் திருகு இருக்கிறதா என்று காந்தத்தால் தேடுங்கள். கப்பல் குலுக்கலில் ஒன்றிரண்டு விழுந்திருக்கும். எல்லா கனெக்டரையும் விரலால் ஒருமுறை அழுத்துங்கள். சரிவு 6.5 டிகிரி. கைபேசியில் உள்ள கோண அளவியைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்காமல் பிளேஃபீல்டின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

மென்பொருள் பல நேரம் முழுமையாகாமலே பெட்டியில் வரும். மாதக்கணக்கில், சிலவற்றுக்கு அதற்கும் மேலே, அப்டேட் வந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வருடம் ஆன மெஷினை நாங்கள் முதலில் சொன்னதற்கு இது ஒரு காரணம்: விதிகள் எழுதி முடிந்திருக்கும், மேல்பூச்சு நிற்குமா பெயருமா என்று தெரிந்திருக்கும், முதல் தேய்மானத்தை வேறொருவர் கட்டியிருப்பார். இரண்டாம் தலைமுறை ஸ்பைக்கில் ஆட்டம் முழுக்க ஒரு எஸ்.டி கார்டில் இருக்கிறது. கார்டு கெட்டால் மெஷின் எழாது. வாங்கிய வாரமே ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள்.

ஈரத்தைப் பொறுத்தவரை பழையதே தேவலாம் என்று தோன்றும். சூடான பல்புகள் பெட்டியின் உள்ளே உலர்த்திக்கொண்டிருக்கும், எல்.இ.டி மெஷினுக்கு அந்தச் சூடு இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் போட்டு விடுங்கள். ஏர்கோனின் நேர் கீழே வைக்காதீர்கள்: ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த உலோகத்தில் தண்ணீர் கோக்கும். தஞ்சோங் பூங்கா போலக் கடல் பார்த்த வீடுகளில் கம்பி ராம்ப்களுக்கும் கால்களுக்கும் மெழுகு பூசுவது நல்லது.

ஏற்றி இறக்க

110 முதல் 135 கிலோ. தலைப்பெட்டியை மடக்கி, கால்களைக் கழற்றி, டிராலியில் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகலாம். பந்துகளை முதலில் எடுத்துவிடுங்கள். டெயில்-லிஃப்ட் உள்ள லோரி சொல்லுங்கள். காண்டோ என்றால் லிஃப்ட்டின் உள்ளாழத்தையும் உயரத்தையும் அளந்து, நிர்வாக அலுவலகத்தில் சாமான் லிஃப்ட்டுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். கீழ்வீட்டுக்காரருக்காகக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் கிண்ணம். பழைய மெஷினில் பரிசு ஆட்டம் கிடைக்கும்போது டக்கென்று அடிக்கும் நாக்கரை மெனுவில் அணைத்துவிடலாம்.

முதல் ஆர்டர்

ஒவ்வொன்றாக வரவழைத்தால் தபாலிலேயே பணம் கரையும். மார்கோ, பின்பால் லைஃப் போன்ற கடைகளில் ஒரே பார்சலாக எடுங்கள்: இடது வலது ஃபிளிப்பர் கிட் ஒவ்வொன்று, காயில் குழாய் பத்து, அந்த மெஷினுக்கான ரப்பர் வளைய செட், பந்து ஒரு செட், மேனுவலில் உள்ள ஒவ்வொரு வகை ஃபியூஸும் ஐந்து, ஃபிளிப்பர் காயில் ஒன்று. ரப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு ரப்பர் வளையத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது வேடிக்கைதான். சாதா வெள்ளை ரப்பரை விட்டு சிலிகோன் வளையமாக எடுங்கள். நம் வெப்பத்தில் வெள்ளை ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்குள் வரும் இணைய இறக்குமதிக்கு, பதிவு பெற்ற விற்பனையாளர்கள் 10 விழுக்காடு விற்பனை வரி சேர்ப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கருவிகளில் அவசியம் கால், 5/16, 11/32 அங்குல நட் டிரைவர்கள். இங்கே ஹார்ட்வேர் கடைகளில் மில்லிமீட்டர் செட்தான் முதலில் நீட்டுவார்கள். 5/16-க்கு 8 மில்லிமீட்டர் பொருந்திவிடும். 11/32-க்கு எதுவும் பொருந்தாது. 9 மில்லிமீட்டரை வைத்துத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், பிறகு கட்டிங் பிளேயர்தான்.